ஆடி வெள்ளித் திருட்டு

14 ஜூலை 2025, திங்கள்

அரூரிலிருந்து ரஞ்சித்குமார் வந்து இரண்டு ஆபீஸ் கம்ப்யூட்டரையும் ஒன்றாகக் கோத்துவிட்டுப் போனார். கம்பைநல்லூரில் நான் ஏற்றும் ஜாதகம் இனி தர்மபுரியில் சோபனாவின் திரையில் தெரியும். அவள் ஏற்றுவது எனக்குத் தெரியும். ஜாதக சாஃப்ட்வேரின் டேட்டா ஃபோல்டரை மட்டும் எடுத்து ஆன்லைன் ஸ்டோரேஜில் வைத்துவிட்டாராம். இத்தனை நாளும் பென் டிரைவில் ஏற்றி டவுன் பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தோம். ஒரு முறை அது யாருடைய தக்காளிக் கூடையிலோ விழுந்து மார்க்கெட்டுக்கே போய்விட்டது. அதுவும் ஒரு பிழைப்பு.

ரஞ்சித் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தொறக்காதீங்க. தொறக்கறதுக்கு முன்னாடியும் மூடுன பின்னாடியும் பச்சை டிக் வர்ற வரைக்கும் பொறுங்க." தலையாட்டினோம்.

சோபனா என் கொழுந்தனார் முனியப்பனின் மனைவி. கெட்டிக்காரி. கெட்டிக்காரிகளிடம் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. வெள்ளிக்கிழமை எனக்கு விரதம், கோயில், ஆபீசுக்குப் போவதில்லை. அன்று முழுவதும் நம் வரன் மையம் அவள் கையில். அதனால் ரஞ்சித்தைத் தனியாக வீட்டுக்குக் கூட்டிவந்து, பழைய லேப்டாப்பையும் அதே ஃபோல்டரில் சேர்க்கச் சொன்னேன். தொழில் தொடங்கிய முதல் மிஷின் அதுதான். நான் அதை 'மூத்தது' என்று சொல்வேன்.

"சோபனாக்காட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். சொல்லிக்கொள்கிறேன் என்றேன். சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறவர் திருடனிடம் கேட்டுக்கொண்டா போடுகிறார்?

18 ஜூலை, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. இந்த ஆடி முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் மூத்ததுக்கும் விளக்கு வைப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். அதைத் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, செவ்வரளி சூட்டி, சாமி படத்துக்குக் கீழே மனைப்பலகையில் உட்கார வைத்தேன். சாஃப்ட்வேரைத் திறந்தால் முதலில் பிள்ளையார் வருவார், மணி அடிக்கும். அந்தப் பிள்ளையாருக்கும் ஒரு சூடம். சாயந்திரம் விளக்கேற்றும் வரை அப்படியே வைத்திருந்து, பிறகு லேப்டாப்பை அணைக்காமல் சாஃப்ட்வேரை மட்டும் மூடினேன்.

நடுவில் சோபனா ஏற்றியதை மட்டும் எட்டிப் பார்த்தேன். இந்த வாரம் ஒன்றுமே ஏற்றவில்லை. திங்கட்கிழமை இருந்தது அப்படியே இருக்கிறது. நான் இல்லாவிட்டால் தூங்குகிறாள் போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் வழக்கம்போல் சித்தேரி மலை பஸ்ஸில் கண்டக்டர் டியூட்டி முடித்து, இருட்டும் நேரத்தில் வந்தார். வந்ததும் டிவியில் பாட்டுக் கேட்க போனில் நெட்டைத் திறந்துவிட்டார். வீட்டில் வேறு நெட் கிடையாது.

19 ஜூலை, சனி

ஆபீசில் திறந்தால், இந்த வாரம் நான் ஏற்றிய ஜாதகங்கள் ஒன்றைக்கூடக் காணோம்.

சோபனாவுக்குப் போன் போட்டேன். "இங்கயும் காணோங்க்கா. நான் ஏத்துனதும் போச்சு. நீங்க எதையோ அழிச்சிட்டீங்களோன்னு நெனச்சேன்."

நான் அழிப்பேனா? நான் நேற்று ஆபீசுக்கே போகவில்லை. போகாதவள் மேல் பழி, இருந்தவள் வாயில்.

26 ஜூலை, சனி

மறுபடியும். முந்தின வாரம் போனதைத் திரும்ப ஏற்றினோம்; அதுவும் போச்சு, புதிதும் போச்சு. எல்லாம் நேற்று நடந்திருக்கிறது. வியாழன் சாயந்திரம் நானே என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மூடினேன்.

வெள்ளிக்கிழமை யார் இருக்கிறார்கள்?

அழிப்பதால் அவளுக்கு என்ன லாபம் என்று யோசித்துப் பார்த்தேன். நல்ல வரன்களைத் தனக்கென்று எங்கேயோ ஒரு பிரதி எடுத்துவிட்டு, இங்கே துடைத்துவிட்டால், நாளைக்குத் தனியாகக் கடை போடலாம். அவளுடைய சித்தப்பா மகளுக்கு வேறு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"ரஞ்சித்த ஒரு தடவ கூப்ட்டுப் பாக்கலாங்களா அக்கா?" என்று சோபனா போனில் கேட்டாள். வேலிக்கு ஓணான் சாட்சி. ரஞ்சித் தர்மபுரி ஆபீசில் டீ குடித்து, சிரித்துப் பேசுகிறவர். வேண்டாம், ஆடி முடியட்டும் என்றேன். "சரிங்க்கா. சாப்டீங்களா?" என்றாள். எப்போதும் கேட்பாள். இன்று அதுகூட ஒரு மாதிரிப் பட்டது.

29 ஜூலை, செவ்வாய்

ஜானகியம்மாள் மகள் சசிகலாவோடு வந்தார். சசிகலா பள்ளிக்கூடத்து டீச்சர். முப்பதை நெருங்குகிறாள். வந்த வரன் எல்லாம் செவ்வாய் தோஷம் என்று கதவோடு திரும்பிப் போயிற்று. இப்போது பரண் மேல் பழைய பெட்டியில் அவள் பிறந்த ஆஸ்பத்திரி அட்டை கிடைத்திருக்கிறது. ஆறேகால் மணி என்பது சரி. ஆனால் காலை இல்லை, மாலை.

"அவங்கப்பாரு சாவறப்பக்கூட காலைன்னுதானுங்க சொன்னாரு" என்று ஜானகியம்மாள் அழுதார். அழ வேண்டிய விஷயம்தான். காலை நேரத்துக்குச் செவ்வாய் பன்னிரண்டில் உட்கார்ந்திருந்தது. மாலை நேரத்தைப் போட்டதும் ஆறுக்கு நகர்ந்துவிட்டது. தோஷம் இல்லை. சசிகலா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்ளோதானுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பாவம். இத்தனை வருஷம் ஒரு காலைக்கும் மாலைக்கும் நடுவில் நின்றிருக்கிறாள்.

30 ஜூலை, புதன்

கிருஷ்ணகிரியில் கம்பெனி வேலையில் இருக்கும் அன்பு என்ற பையனுக்குப் பொருத்தம் பார்த்தேன். அருமையாகச் சேர்கிறது. அவனுடைய தாய்மாமன் மாயவன் வந்து, திருத்திய ஜாதகத்தின் பிரிண்டை வாங்கிப்போனார். ஆவணியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது.

2 ஆகஸ்ட், சனி

போச்சு. எல்லாம் போச்சு.

மாயவன் முதல் பிரிண்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, தங்கள் ஜோசியரிடம் கொடுப்பதற்காகத் தர்மபுரி ஆபீசில் இன்று காலை இன்னொன்று கேட்டிருக்கிறார். சோபனா எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அதில் காலை ஆறேகால். செவ்வாய் பன்னிரண்டில். பழைய ஜாதகம்!

நேராக என் ஆபீசுக்கு வந்து இரண்டு தாளையும் மேசையில் போட்டார். "ஒரே புள்ளைக்கு ஒரே எடத்துல ரெண்டு ஜாதகம். இதுல எது நெசங்க? எங்க வூட்டுப் பையன் தலைல கட்டறதுக்கு நேரத்த மாத்துனீங்களா?" ஆஸ்பத்திரி அட்டையைப் பற்றிச் சொன்னேன். "அட்டையும் நீங்களே அடிச்சிருப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிறகு திறந்து பார்த்தேன். என் திரையிலும் காலை ஆறேகால். செவ்வாய்க்கிழமை என் கையால் மாற்றியதை யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள். நேற்று வெள்ளி. யாரோ என்ன யாரோ. சித்தப்பா மகளுக்கு அன்புவைப் பார்க்கிறார்கள். எனக்கென்ன தெரியாதா?

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. குடும்பத்தோடு ஒகேனக்கல். ஒரு வருஷமும் தவறியதில்லை என்பதால் போனோம். அவ்வளவு கூட்டத்தில் பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். மீன் வறுவல் கடையில் சோபனா என் இலையில் முள் எடுத்த துண்டாகப் பார்த்து வைத்தாள். அது என்னைக் கிளப்பிவிட்டது.

"உன் சித்தப்பன் மகளுக்கு அந்தப் பையன் வேணும்னா நேரா கேட்டிருக்கலாமில்ல. அந்தப் புள்ள வாழ்க்கைல ஏண்டி கை வெக்கற?"

அவளுக்கு முதலில் புரியவில்லை, அல்லது புரியாத மாதிரி இருந்தாள். பிறகு சொன்னாள்: "திரைல இருந்ததத்தானுங்க எடுத்துக் குடுத்தேன். நீங்க நேரத்த மாத்துனதே எனக்குத் தெரியாதுங்க்கா."

முனியப்பன் எழுந்து கை கழுவப் போனார். என் வீட்டுக்காரர் என்னை "கலை, போதும்" என்றார். எனக்குப் போதவில்லை. இன்னும் என்னென்னவோ பேசினேன். எழுத விருப்பமில்லை.

4 ஆகஸ்ட், திங்கள்

தர்மபுரிக்குப் போய் ஆபீஸ் சாவியைக் கேட்டேன். வளையத்திலிருந்து கழற்றி உடனே கொடுத்துவிட்டாள். "நான் மாத்தலீங்க்கா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

மடியில் கனம் இல்லாதவள் அப்படித்தான் கொடுப்பாள் என்கிறார் அவர். நடிக்கத் தெரிந்தவளும் அப்படித்தான் கொடுப்பாள்.

6 ஆகஸ்ட், புதன்

ஜானகியம்மாள் வந்தார். மாயவன் வீட்டார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்களாம், தோஷ ஜாதகத்தைத் திருத்தி விற்கிறார்கள் என்று. "தோசத்தோட இருந்தப்ப பாவம்னாங்க. இப்ப ஏமாத்துக்காரின்றாங்க" என்றார். சசிகலா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருக்கிறாள். அவளுக்கு இனி யார் நம்பி வரன் கொடுப்பார்கள்? மறுபடியும் மாலை நேரத்தைப் போட்டு வைத்தேன்.

8 ஆகஸ்ட், வெள்ளி

ஆடி நாலாம் வெள்ளி. மூத்ததுக்கு இரண்டு விளக்கு வைத்து, திருடியைக் காட்டிக் கொடு தாயே என்று வேண்டிக்கொண்டேன்.

9 ஆகஸ்ட், சனி

காலை ஆறேகால்.

தர்மபுரி ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. சாவி என் இடுப்பில். அப்படியானால் கள்ளச்சாவி வைத்திருக்கிறாள். புதுப் பூட்டு வாங்கிப் போட்டுவிட்டு வந்தேன். பூட்டுக் கடைக்காரர் சாவி மூன்று என்றார். உறையைப் பிரித்து நானே எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

வேறு வழியில்லை, ரஞ்சித்தைத்தான் கூப்பிட வேண்டும். அவளுக்குத் தெரியாமல்.

11 ஆகஸ்ட், திங்கள்

ரஞ்சித் வந்தார். எந்த மிஷினிலிருந்து எப்போது எது ஏறியது என்பதை அந்த ஆன்லைன் ஸ்டோரேஜ் தனியாகக் குறித்து வைத்திருக்குமாம். சோபனாவின் பெயர் வரப்போகிறது, முனியப்பனை வரவழைத்துக் காட்டலாம், மாயவனிடமும் காட்டலாம் என்று மனசுக்குள் ஒரு சபையே கூட்டிவிட்டேன்.

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். ஜூலை 18, 25, ஆகஸ்ட் 1, 8. நான்கிலும் ஒரே மிஷின். 'கலைமணி வீடு'.

"மூத்தத வெள்ளிக்கெழம தொறந்தீங்களாக்கா?" என்று கேட்டார். திறந்தேன், சாமி கும்பிட. "நெட் இருந்துச்சா? பச்சை டிக் பாத்தீங்களா?" பிள்ளையாருக்குச் சூடம் காட்டும்போது பச்சை டிக்கை எங்கே பார்ப்பது?

பொறுமையாகச் சொன்னார். அந்த லேப்டாப்பில் ஜூலை 14ஆம் தேதி நிலவரம்தான் கிடக்கிறது. நெட் இல்லாமல் திறந்ததால் புதிதாக எதுவும் இறங்கவில்லை. சாஃப்ட்வேர் மூடும்போது தன்னிடம் உள்ளதை ஒரு தடவை எழுதி வைத்துவிட்டுத்தான் மூடுமாம். கடைசியாக எழுதியது எதுவோ அதுதான் புதுசு என்று ஸ்டோரேஜ் எடுத்துக்கொள்ளும். வீட்டுக்காரர் வந்து டிவிக்காகப் போனில் நெட்டைத் திறந்ததும், மூத்தது தன் பழைய சரக்கை மேலே அனுப்பியிருக்கிறது. அது இரண்டு ஆபீசுக்கும் இறங்கியிருக்கிறது.

மூத்ததைக் கழற்றிவிடட்டுமா என்றார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

ரஞ்சித்துக்கு அவள் ஏதாவது சொல்லிக் கொடுத்திருப்பாளோ? மிஷின் பெயரை மாற்றுவது அவருக்கு என்ன பெரிய விஷயம்? என் வாயாலேயே என்னைக் குற்றவாளி ஆக்கிவிட்டால் சாவி தானாகத் திரும்பிப் போகும்.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, "அடுத்து என்னையும் சேத்துக்க. நெட்டு என்னுதுதான்" என்றார்.

14 ஆகஸ்ட், வியாழன்

நானே சோதித்துப் பார்த்துவிடுகிறேன். எங்கள் பசு செல்லிக்கு ஒரு ஜாதகம் போட்டேன். பெயர் செல்லி, பிறந்த ஊர் கம்பைநல்லூர், நேரம் குத்துமதிப்பு. அதற்கும் செவ்வாய் ஏழில் வந்து நிற்கிறது. பச்சை டிக் வந்த பிறகே மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. ரஞ்சித்துக்குக்கூடத் தெரியாது.

15 ஆகஸ்ட், வெள்ளி

ஆடிக் கடைசி வெள்ளி. எல்லாம் வழக்கம்போலச் செய்தேன். மஞ்சள், குங்குமம், பிள்ளையார், மணி. செல்லி அதில் இல்லை. சாயந்திரம் மூடினேன். அவர் வந்ததும் "பாட்டுப் போடுங்க" என்று நானே சொன்னேன். மூத்ததின் மூலையில் ஏதோ சுற்றியது. நின்றது. பச்சை டிக்.

என் கையாலே. என் வூட்டுக்குள்ள. விளக்கு வேற வெச்சு.

16 ஆகஸ்ட், சனி

ஆபீசில் செல்லி இல்லை. காலை ஆறேகால்.

ரஞ்சித்துக்குப் போன் செய்து மூத்ததைக் கழற்றச் சொன்னேன். பழைய பிரதிகளிலிருந்து போனதையெல்லாம் மீட்டுக் கொடுத்துவிட்டார். கொஞ்ச நேர வேலைதான். நான்தான் இத்தனை நாள் அவரைக் கூப்பிடவிடவில்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

தர்மபுரி போனேன். முதல் பஸ்ஸை விட்டுவிட்டேன். கண் முன்னால்தான் போயிற்று.

சோபனா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்க்கா" என்றாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆடி வெள்ளி, நெட் இல்லாதது, செல்லியின் ஜாதகம்வரை. தப்பு என்னுடையது என்றேன். சொல்லும்போது பாரம் குறைகிற மாதிரிகூட இருந்தது. அவளும் செல்லிக்குச் செவ்வாய் ஏழில் என்றதும் லேசாகச் சிரித்தாள். இத்தோடு போயிற்று என்று நினைத்தேன்.

பிறகு கேட்டாள். "வூட்டு கம்ப்யூட்டர எதுக்குங்க்கா சேத்தீங்க?"

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று, என்றேன்.

"அவசரத்துக்குன்னா எங்கிட்ட சொல்லியிருப்பீங்களே."

வெள்ளிக்கிழமை நீ என்ன செய்கிறாய் என்று பார்க்க என்பதை எப்படிச் சொல்வேன்? சொல்லாமலே தெரிந்துவிட்டது அவளுக்கு. ஒகேனக்கல்லில் நான் கத்தியபோதுகூட அவள் முகம் அப்படி ஆகவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள். "ஆரம்பத்துலயிருந்தேங்களா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்துபோய் டீ வைத்தாள்.

அழுதேன். அவள் அழவில்லை.

சாவியை நீட்டினேன். வாங்கவில்லை. "மொதல்ல அந்தப் புள்ள வெவகாரத்த முடிப்போங்க" என்றாள்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

இருவரும் மாயவன் வீட்டுக்குப் போனோம். ஆஸ்பத்திரி அட்டை, ரஞ்சித் எடுத்துக் கொடுத்த தேதி விவரம் எல்லாம் கொண்டுபோனோம். நான்தான் பேசினேன். நேரத்தை யாரும் திருத்தி விற்கவில்லை, என் வீட்டு மிஷினில் நான் சாமி கும்பிட்டதால் வந்த வினை, சோபனாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவள் முன்னாலேயே சொன்னேன். மாயவன் நம்புகிற மாதிரி இல்லை. "சாமி கும்பிட்டா ஜாதகம் மாறுங்களா?" என்றார். நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அன்பு உள்ளேயிருந்து வந்து, "மாமா, அந்த ஆஸ்பத்திரிக்கு நானே நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். ரெக்கார்டுல சாயந்திரம்தான்" என்றான். எப்போது போனாய் என்று மாயவன் கேட்டார். போன வாரமாம். சசிகலா கூட வந்தாளாம். பெரியவர்கள் நாங்கள் செவ்வாயைப் பிடித்துக்கொண்டு சண்டை போட, அவர்கள் இருவரும் தினமும் போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மாயவன் தாள்களை மடித்து வைத்துவிட்டு, "டீ சாப்டுட்டுப் போங்க" என்றார்.

28 ஆகஸ்ட், வியாழன்

நிச்சயதார்த்தம். சசிகலா பச்சைப் பட்டு. ஜானகியம்மாள் சோபனாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. என்னையும் கும்பிட்டார், கூசியது.

சாப்பிடும்போது சோபனா என் பக்கத்தில் உட்காரவில்லை. பரிமாறப் போய்விட்டாள். சாவியை முனியப்பன் கையில் கொடுத்தனுப்பினேன்.

1 செப்டம்பர், திங்கள்

தர்மபுரி ஆபீஸைத் திறந்துவிட்டாள். வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். காலையில் போன் செய்து, "நான் தொறக்கறேனுங்க. நீங்க மூடியிருக்கீங்களா?" என்றாள். மூடியிருக்கிறேன் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. சாப்டீங்களா என்று கேட்கவில்லை. நான் கேட்டேன். "ஆச்சுங்க" என்றாள்.

சாயந்திரம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். மூடுவதற்கு முன் அவள் திரையை எடுத்தது. இன்று ஏற்றிய பெயர்கள், மாற்றியவை, கீழே பச்சை டிக். நான் கேட்கவில்லை.

5 செப்டம்பர், வெள்ளி

தினமும் அனுப்புகிறாள். இன்று போன் செய்து, "இதெல்லாம் எதுக்கு சோபனா, வேணாம்" என்றேன்.

"இருக்கட்டுங்க்கா. ரெண்டு பேருக்கும் நல்லது."

குரலில் கோபம் ஏதும் இல்லை. கோபம் இருந்தால் சமாதானம் செய்திருப்பேன்.

19 செப்டம்பர், வெள்ளி

விரதம். கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். ஆடியோடு வேண்டுதல் முடிந்ததால் மூத்ததைத் துணியில் சுற்றிப் பீரோ மேல் வைத்தாகிவிட்டது. ரஞ்சித் அதன் தொடர்பைக் கழற்றிய பிறகு அதற்கு வேலையும் இல்லை.

ஆறு மணிக்கு போட்டோ வந்தது. இன்று புதிதாக ஏற்றியது ஒன்றுமில்லை, மாற்றியது ஒன்றுமில்லை என்று கீழே எழுதியிருந்தாள். ஒன்றும் செய்யாத நாளுக்கும் சாட்சி அனுப்புகிறாளே என்று மனசு வலித்தது. இதைப் பார்க்கக்கூடாது, அப்படியே அழித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கி, பட்டியலில் ஏற்கெனவே இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.